பூவம்மா ஏலம் எடுத்த கிளப்

1951-ஆம் வருஷம் சென்னையில் கால்பந்து கிளப் நடத்தியவர்களில் தோல் வியாபாரிகள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், மோட்டார் வைத்திருந்த டாக்டர்கூட ஒருவர் இருந்தார். தலையில் மீன் கூடை சுமந்தவள் ஒருத்திதான். அவளும் வேண்டுமென்று கிளப் வாங்கவில்லை, வாய் தவறி வாங்கிவிட்டாள்.

வாய் தவறி ஒருத்தி கிளப் வாங்குவாளா என்று நீங்கள் கேட்கலாம். ராயபுரத்துக்கு வடக்கே காசிமேட்டுக் கரையில் ஒருநாள் காலையில் நின்று பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். கட்டுமரங்கள் கரையேறும், மீனை மணலில் கொட்டுவார்கள், உடனே ஏலம். ஏலம் கூறுபவர் திருமலை. அவர் ஒரு விலையைச் சொல்லி "ஒரு தரம்" என்று இழுத்தால் அடுத்த மூச்சுக்குள் மேலே கேட்கவேண்டும். நின்று யோசிக்கிறவளுக்கு நெத்திலிகூடக் கிடைக்காது. பூவம்மா இருபது வருஷமாக அந்த மணலில் நின்று விலை கேட்டவள். திருமலையின் குரல் காதில் விழுந்ததும் அவள் வாய் தானாக அஞ்சு ஏற்றிச் சொல்லிவிடும். மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும்.

அந்தக் கரைக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கேட்ட விலையிலிருந்து யாரும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினவளின் குரலைத் திருமலை அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் என்றைக்குமே காதில் வாங்கமாட்டார். அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேறு தொழில் பார்க்கவேண்டியதுதான்.

பூவம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆள் குள்ளம், குரல் நெட்டை. வண்ணாரப்பேட்டையில் முதல் தெருவில் "சங்கரா மீனு" என்று அவள் கூவினால் நாலாவது தெருவில் அடுப்பு மூட்டிவிடுவார்கள் என்று சொல்வார்கள். புருஷன் கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினான். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவன் ஆதலால் வீட்டில் அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கு அவனுக்கு இடமும் கிடைத்ததில்லை.

மீனுக்கு அடுத்தபடி பூவம்மாவுக்கு உயிர், மெரைன் ஸ்போர்ட்டிங் கிளப். நிலக்கரி சுமப்பவர்களும் வலை இழுப்பவர்களும் சேர்ந்து ஆடிய அணி அது. எல்லோரும் வெறுங்கால், கணுக்காலில் ஒரு துணிப்பட்டை, அவ்வளவுதான் சாமான். ரயில்வே யார்டுக்குப் பின்னால் அவர்களுடைய மைதானம் பாதி மணலாகவும் பாதி கரித்தூளாகவும் கிடந்தது. ஒரு பக்கம் உருண்ட பந்து வெள்ளையாக வரும், மறுபக்கம் உருண்டது கறுப்பாக வரும். லீக்கில் பத்து வருஷமாக இரண்டாவது டிவிஷனிலேயே இருந்தார்கள்.

ஆட்டம் இருக்கும் நாளில் பூவம்மா கார்னர் கொடிக்குப் பக்கத்தில் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். உட்காருவது முதல் ஐந்து நிமிஷத்துக்குத்தான்.

"ஏய் ரெஃப்ரி கஸ்மாலம், கண்ணு கீதா உனக்கு? அது ஃபவுல் இல்லாம இன்னா, கொஞ்சலா?"

ஒருமுறை ரெஃப்ரி விளையாட்டை நிறுத்தி, அந்த அம்மாளை இருபது கெஜம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தள்ளி உட்கார்ந்தாள். அங்கிருந்தும் நன்றாகவே கேட்டது.

ஆனால் அவளுடைய முழுக் கோபமும் ரெஃப்ரிமேல் இல்லை, கிளப்பை நடத்தியவர்கள் மேல்தான். முக்கியமாகச் செக்ரட்டரி அம்புரோஸ் மேல். துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவான அவர் ஒரு தகரப் பெட்டிக்குள் கிளப்பையே வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அணியில் எவனாவது நன்றாக ஆட ஆரம்பித்தால் போதும், பெரிய கம்பெனிக்காரர்கள் வேலை தருகிறோம் என்று கூப்பிட்டுத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். பழைய கிளப்பின் சம்மதம் இல்லாமல் ஆள் மாற முடியாது; அம்புரோஸ் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நல்ல கோலியை இப்படி அனுப்பிவைத்தபோது, பூவம்மா மீன் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். சும்மா ஊற்றவில்லை, விளக்கம் சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

"நா மட்டும் கிளப்பு வெச்சிகினு இருந்தா ஒரு ஆள உடுவேனா? கேக்க வர்றவன் கால ஒட்ச்சி அனுப்புவேன்!"

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். மெரைன் ஒரே ஒரு வருஷமாவது முதல் டிவிஷனில் ஆடவேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய மைதானத்தில், கேலரியில், டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அவள் பார்க்கவேண்டும்.

கிளப்புக்கு வருமானம் என்று இருந்தது வெள்ளிக்கிழமைக் கூடை. ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீனுக்குக் கிராக்கி ஏறும். அன்றைக்குக் கரையேறும் ஒவ்வொரு கட்டுமரமும் ஒரு மீனை எடுத்து கிளப் கூடையில் போடும். அந்தக் கூடையைத் திருமலை கடைசியில் தனியாக ஏலம் விடுவார். அந்தக் காசில்தான் பந்தும் லீக் சந்தாவும் ஆட்டக்காரர்களுக்கு டீயும். இரண்டு வருஷம் மீன்பாடு சரியில்லாமல் போனதில் கூடை இளைத்தது, கடன் கொழுத்தது. பந்துக் கடைக்காரன் அம்புரோஸின் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தான்.

அந்தச் சமயம் பார்த்து வந்தவர் வேதமாணிக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மண்டி வைத்து நாலு காசு சேர்த்தவர். கிளப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலைக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அம்புரோஸ் பேசினால் முன்வரிசைக்கே கேட்காது என்பதால், கூட்டத்தை நடத்தத் திருமலையை ஒரு பீப்பாய்மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள். செய்த தப்பு அதுதான்.

வேதமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "நான் சுத்தி வளைச்சுப் பேசுதவன் இல்ல. முந்நூறு ரூவா தாரேன், கடனை அடைச்சிருங்க. கிளப்புக்குப் பேரு மட்டும் நம்ம மண்டி பேரா இருக்கணும். பெங்களூருலருந்து ரெண்டு ஆட்டக்காரனைக் கூட்டியாரேன். ரெண்டு வருசத்துல மொத டிவிஷன்ல நிப்பாட்டிக் காட்டுதேன்."

எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவள் பூவம்மா. "ஸோக்கா சொன்னே நைனா! காசு இல்லாம கோலு வருமா? எய்திக் குட்த்துடுங்கப்பா!"

பெயரை மாற்றக்கூடாது என்று பின்னால் சிலர் கத்தினார்கள். பெயரா சோறு போடும் என்று முன்னால் சிலர் கத்தினார்கள். சத்தத்தை அடக்கத் திருமலை கையைத் தூக்கினார்.

"முந்நூறு ரூவான்னு சொல்லிக்கிறாரு. யாருக்கனா ஆட்சேபணை கீதா? இல்லியே? முந்நூறு..." அதற்குமேல் பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. "முந்நூறு ஒரு தரம்..."

"முந்நூத்தி அஞ்சு!"

கொட்டகையே குரல் வந்த பக்கம் திரும்பியது. யார் சொன்னது என்று பூவம்மாவும் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டபிறகுதான் சொன்னது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

திருமலையும் அவளைப் போலத்தான், காதில் விழுந்த விலையைக் கூவியாக வேண்டும். "முந்நூத்தி அஞ்சு ஒரு தரம். ரெண்டு தரம்." வேதமாணிக்கத்தைப் பார்த்தார்.

வேதமாணிக்கம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "நான் வீட்டுலயே கணக்குப் போட்டுட்டுதான் வந்தேன் ஐயா. இந்தக் கிளப்பு முந்நூறு பெறும். அதுக்கு மேல ஓட்டைக் காலணா பெறாது. தாயி ஆசப்படுதாங்க, எடுத்துக்கிடட்டும்."

"மூணு தரம்!" திருமலை பீப்பாயில் தட்டினார்.

"யோவ் திருமலை! நா சும்மா, வாய்ல வந்துடிச்சுய்யா..."

"பூவு," என்றார் திருமலை, இரக்கமாகவே. "நாளைக்கிக் காலீல நீ கரைக்கு வரணுமா, வேணாமா?"

அவ்வளவுதான் பேச்சு. பூவம்மாவிடம் முந்நூற்றுப் பத்து ரூபாய் இருந்தது. வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்க ஒரு மேடை பிடிப்பதற்காக எட்டு வருஷம் சேர்த்தது. கூடை தூக்கித் தூக்கி அவளுக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்புவதில்லை. மேடை கிடைத்தால் கூடையை இறக்கிவைத்துவிடலாம் என்று இருந்தாள். அந்தப் பணத்தை எடுத்துப் போய் அம்புரோஸின் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கிருஷ்ணப்பன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னான்: "இத்தினி நாளு மீனு வாங்கியாந்தா. இன்னிக்கி டீம வாங்கிகினு வந்துகீறா." சொல்லிச் சிரித்தான். அப்புறம் உள்ளே வந்து மெதுவாகக் கேட்டான். "அந்தத் துட்டா குட்த்தே?"

"அதான்."

அவன் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவள் கழுத்தில் தேய்த்துவிட்டான். பூவம்மா அன்றைக்கு ஒருபாட்டம் அழுதாள்.

அழுது முடித்தபின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பந்து மூன்று, அதில் ஒன்று ஓட்டை. சாயம் போன நீலச் சட்டை பன்னிரண்டு. இரண்டாவது டிவிஷனில் ஒரு இடம், அது காகிதத்தில் இருந்தது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் மைதானத்துக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்று, ஆட்டக்காரர்களிடம் "மொத டிவிஷன் போறோம்" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கிளப்பை வாங்கிய மூன்றாவது வாரமே அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வெள்ளிக்கிழமைக் கூடையில் நாலு மீன்தான் கிடந்தது. ஐந்தாவது வாரம் ஒன்றும் இல்லை.

"இன்னாய்யா, கிளப்பு மீனு எங்கே?" என்று கட்டுமரக்காரர்களைக் கேட்டாள்.

"அதான் ஓனரம்மா கீறீங்களே. நாங்க இன்னாத்துக்கு?" என்றார்கள்.

கிளப் எல்லோருடையதாக இருந்தவரை ஆளுக்கு ஒரு மீன் போட்டார்கள். அவளுடையது என்று ஆனதும் அதே ஆட்கள் அவளிடம் டீ கேட்டார்கள். தோற்றால் "ஓனரு சரியில்ல" என்றார்கள். ஜெயித்தால் "நம்ம பசங்க ஜெயிச்சிட்டானுங்க" என்றார்கள். அம்புரோஸ் இத்தனை வருஷம் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் நல்ல கொடுவா மீன் ஒன்றைக் கொடுத்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் திரும்பினாள்.

ஆனாலும் அந்த வருஷம் மெரைன் ஆடியது. பூவம்மா தனக்குத் தெரிந்த வகையில் அணியை நடத்தினாள். ஆட்டத்துக்கு முதல்நாள் எல்லோருக்கும் அவள் வீட்டில் சுறாப்புட்டு. பயிற்சிக்கு வராதவனுக்குப் புட்டு கிடையாது, வாசலில் நின்று மோப்பம் பிடித்துவிட்டுப் போகலாம். பின்வரிசையில் ரஷீது சுவர் எழுப்பினான். கோலி முப்பிடாதி தெற்கத்திக்காரன், கயிற்றுக் கட்டிலைப்போல நீளம். முன்னால் ஞானதுரை. இருபத்துநாலு வயது, நிலக்கரி சுமக்கும் கூலி, இரண்டு காலும் அவனுக்கு ஒரே மாதிரி அடிக்கும். அவன் மட்டும் அந்த சீசனில் பத்தொன்பது கோல் போட்டான். கடைசி ஆட்டம் வந்தபோது மெரைன் இரண்டாவது இடத்தில் இருந்தது. முதலிடத்தில் ஒரு பெரிய மில்லின் அணி, ஒரு புள்ளி அதிகம். ஞாயிற்றுக்கிழமை அந்த மில்லோடுதான் ஆட்டம். ஜெயித்தால் மெரைன் முதல் டிவிஷன்.

வியாழக்கிழமை காலை ஏலம் முடிந்து மணலில் கூடை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தார். மில்லின் லேபர் ஆபீசர். அவருக்குப் பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு ஞானதுரை.

"இவருக்கு எங்கள் மில்லில் நிரந்தர வேலை தருகிறோம்," என்றார் ஆபீசர். "மாசம் எழுபது ரூபாய். குடியிருக்க வீடு. நீங்கள் சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைக்கவேண்டும். சனிக்கிழமைக்குள்."

"ஞாயித்துக்கெழம மேட்ச்சு முட்ஞ்சி வைக்கிறேன் தொரை."

"அது முடியாது. சனிக்கிழமையோடு இந்த வேலைக்கு ஆள் எடுப்பது முடிகிறது." அவர் சிரித்த சிரிப்பிலேயே பூவம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆளையும் எடுத்துக்கொள்கிறான், ஆட்டத்தையும் எடுத்துக்கொள்கிறான்.

போய்யா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஞானதுரையைப் பார்த்தாள். கப்பல் வந்த நாளில்தான் அவனுக்குக் கூலி. கப்பல் வராவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டிக்கு இது எட்டாவது மாதம். கால் இரண்டும் நன்றாக இருக்கும்வரைதான் அவனைத் தேடிக் கார் வரும். அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அப்புறம் அவள் வாய் தன் தொழிலைப் பார்க்க ஆரம்பித்தது. காலடியில் ஒரு கூறு மீன் கிடந்தது, மேலே ஒரு நல்ல வஞ்சிரம், அடியில் காரப்பொடி என்கிற சில்லறை மீன். அதைக் காட்டினாள்.

"இத்தப் பாரு தொரை. இந்த வஞ்சரத்த மட்டும் தனியா குடுன்னா எங்க கரையில குடுக்கமாட்டாங்க. எட்த்தா கூறாத்தான் எடுக்கணும். இவன் வேணும்னா கூட மூணு பேரு வர்றான். ரஷீது, முப்பிடாதி, இன்னும் லெப்ட்டு சைடுல ஆட்றவன். நாலு பேருக்கும் வேல. இல்லன்னா இவனும் கெடையாது."

"இது என்ன மீன் வியாபாரமா?" ஆபீசருக்கு முகம் சிவந்தது. "ஒருத்தருக்குத்தான் வேலை. இஷ்டமில்லாவிட்டால் விடுங்கள்." வந்தபடியே தாண்டித் தாண்டிப் போய்க் காரில் ஏறிவிட்டார்.

ஞானதுரை மணலில் உட்கார்ந்துவிட்டான். "யக்கா! இன்னாக்கா பண்ட்டே! வந்த ஆளத் தொர்த்திட்டியே!"

"திரும்பி வருவான்டா. அப்டிதான் போவாங்க."

"வர்லன்னா?"

மீன் வாங்க வந்தவள் முறைத்துக்கொண்டு போனால் நாலு அடியில் திரும்பிப் பார்ப்பாள். கார் திரும்பிப் பார்க்குமா என்று பூவம்மாவுக்குத் தெரியவில்லை. அடுத்தவன் வீட்டு அடுப்பை வைத்துப் பேரம் பேசிவிட்டோமே என்று உறுத்தியது. வெள்ளிக்கிழமை ஏலத்தில் திருமலை மூன்று தடவை அவள் பக்கம் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. வெறும் கூடையோடு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. ஆபீசர் இந்தமுறை இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "மூன்று பேர். அதற்கு மேல் ஒருத்தர் கிடையாது" என்றார்.

லெப்ட் சைடுக்காரனை அவள் சேர்த்ததே விட்டுக்கொடுப்பதற்காகத்தான். அவன் அப்பாவுக்கு இரண்டு கட்டுமரம் இருந்தது.

"மூணு பேரும் ஞாயித்துக்கெழம ஒரு நாளு ஆடிட்டு வரட்டும் தொரை. ஒரே ஒரு நாளு. உன்ன வேற ஒண்ணும் கேக்கல."

"இன்றைக்குக் கையெழுத்து. இன்றையிலிருந்து அவர்கள் எங்கள் ஆட்கள். எங்களுக்கு எதிராக எப்படி ஆடுவார்கள்?"

காரின் மூடிமேல் காகிதத்தை வைத்து அவள் மூன்று கைநாட்டு வைத்தாள். மை காய்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. மையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக அம்புரோஸிடம் போய்ச் சொன்னாள். அந்த மனிதருக்கு அன்று பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. "நாளைக்கி நீ தனியா நிக்காதே பூவம்மா. நானும் பக்கத்துல நிக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் பாதி யார்டு மைதானத்தில் இருந்தது. மெரைன் இறங்கியபோது எண்ணிப் பார்த்தார்கள். ரஷீது இல்லை, முப்பிடாதி இல்லை, ஞானதுரை இல்லை. அவர்கள் இடத்தில், சட்டை தொளதொளவென்று தொங்க, இதுவரை டீ தூக்கிக்கொண்டிருந்த மூன்று பேர்.

சேதி கூட்டத்தில் பரவ அதிகநேரம் ஆகவில்லை.

"வித்துட்டாப்பா ஓனரு! மில்லுக்காரன்கிட்ட டீமையே வித்துட்டா!"

"எத்தினி நூறு வாங்கினா?"

"மீனு விக்கிறவகிட்ட கிளப்ப குட்த்தா விக்காம இன்னா பண்ணுவா?"

அவளுக்கு ஒரு காலணா கிடைக்கவில்லை. அதைச் சொல்ல அவள் வாயைத் திறக்கவும் இல்லை. யாரோ ஒரு பிடி மணலை அள்ளி வீசினார்கள், அது அம்புரோஸ்மேல் விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாதி ஆட்டத்துக்குள் மில் இரண்டு கோல். மறுபாதி தொடங்கியதும் மூன்றாவது.

ஞானதுரை வந்திருந்தான். முதலில் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு கோட்டோரமாக வந்தான். பிறகு கோட்டோரமாக நடக்க ஆரம்பித்தான். மெரைன் பையன் ஒருவன் காலி கோலுக்கு முன்னால் பந்தை வானத்துக்கு அடித்தபோது, அவன் தலையில் அடித்துக்கொண்டு நேராகப் பூவம்மாவிடம் வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இன்னா ஓனரு நீ! மேட்ச்சுக்கு மொத நாளு எவனாவது சென்டர் பார்வர்ட விப்பானா? அறிவு கீதா உனக்கு? நா ஆடிக்கினு இருந்தா இந்நேரத்துக்கு ரெண்டு கோலு அட்ச்சிருப்பேன்!"

சுற்றி நின்றவர்கள் சபாஷ் போட்டார்கள். அம்புரோஸ் அவனைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். பூவம்மா கையைக் காட்டி அவரைத் தடுத்தாள். சொல்லவேண்டியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மூணு அட்ச்சிருப்பே. தெர்யும்டா. நீ எறங்கியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம், மொத டிவிஷன் போயிருப்போம். தெர்ஞ்சிதான் கைநாட்டு வெச்சேன்."

ஞானதுரை தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் மைதானத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

"நாளைக்கி மில்லுல எத்தினி மணிக்குடா?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு சங்கு," என்றான், துண்டுக்குள்ளிருந்து.

"இன்னிக்கி சீக்கிரமா பட்த்துக்க. மொத நாளே லேட்டா போய் நிக்காதே."

அவன் தலையாட்டினான். மைதானத்தில் மெரைனுக்கு ஒரு கார்னர் கிடைத்திருந்தது. ஆட்டம் முடிய இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. பூவம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். கொஞ்சநேரத்தில் ஞானதுரையும் சேர்ந்து கத்தினான்.